இதழியல் கல்வியில் அடிப்படைத் திறன்கள்

இதழியல் கல்வியில் அடிப்படைத் திறன்கள் என்பவை, பல்கலைக்கழகங்களிலும் கல்லூரிகளிலும் இதழியல் பயிலும் மாணவர்கள் செய்தித் தொழிலில் இறங்குவதற்கு முன் கற்றுத் தேற வேண்டிய செயல்முறைத் திறன்கள் ஆகும். செய்தியை இனங்காணல், நேர்காணல், குறிப்பெடுத்தல், தகவலைச் சரிபார்த்தல், மூலத்தைச் சுட்டல், செய்தி எழுதுதல், எண்களைக் கையாளல், ஆவணங்களைப் படித்தல், ஊடகச் சட்டம், ஊடக அறம், கணினிப் பயன்பாடு, பணியிடப் பாதுகாப்பு ஆகியன இவற்றுள் அடங்கும்.

நன்றாக எழுதத் தெரிந்தவர் நல்ல செய்தியாளர் ஆகிவிடலாம் என்ற எண்ணம் பரவலாக உண்டு. எழுத்துத் திறன் தேவையானதே. எனினும் மேற்கூறிய திறன்கள் அனைத்தையும் இணைப்பது "இது எப்படித் தெரியும்?" என்னும் ஒரே வினா ஆகும். செய்தியின் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இவ்வினாவுக்கு விடை வைத்திருக்க மாணவரைப் பழக்குவதே இதழியல் கல்வியின் முதன்மை நோக்கம் எனலாம்.

இக்கட்டுரை தமிழ்நாட்டு இதழியல் கல்வியை முதன்மையாகக் கொண்டு இத்திறன்களை விளக்குகிறது. பெரும்பாலான எடுத்துக்காட்டுகள் விழுப்புரம் மாவட்டத்தின் பெருமுக்கல், மரக்காணம் பகுதியிலிருந்து எடுக்கப்பட்டுள்ளன.

வரலாறு

செய்தித்தாள் அலுவலகத்தில் வேலை செய்தே தொழிலைக் கற்றுக்கொள்வது நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. தமிழின் முதல் நாளிதழாக வளர்ந்த சுதேசமித்திரனை ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882 ஆம் ஆண்டு தொடங்கினார். சுப்பிரமணிய பாரதி 1904 ஆம் ஆண்டு அவ்விதழில் துணை ஆசிரியராகச் சேர்ந்தார். செய்திகளை மொழிபெயர்த்ததும் செப்பனிட்டதுமே அவருக்கு இதழியல் பயிற்சியாக அமைந்தன.

ஐக்கிய அமெரிக்காவின் மிசூரிப் பல்கலைக்கழகத்தில் 1908 ஆம் ஆண்டு இதழியல் பள்ளி தொடங்கப்பட்டது. யோசப் புலிட்சரின் நன்கொடையால் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் இதழியல் பள்ளி 1912 இல் உருவானது. இந்தியாவில் முதல் இதழியல் வகுப்பு 1920 ஆம் ஆண்டு சென்னை அடையாற்றில், அன்னி பெசன்ட் நிறுவிய தேசியப் பல்கலைக்கழகத்தில் நடைபெற்றதாக இதழியல் கல்வி வரலாறுகள் குறிப்பிடுகின்றன. அது நீண்டகாலம் நிலைக்கவில்லை. லாகூரில் இருந்த பஞ்சாப் பல்கலைக்கழகம் 1941 ஆம் ஆண்டிலும், சென்னைப் பல்கலைக்கழகம் 1947 ஆம் ஆண்டிலும் இதழியல் கல்வியைத் தொடங்கின. இந்திய நடுவண் அரசின் சார்பில் இந்திய மக்கள் தொடர்பு நிறுவனம் 1965 ஆம் ஆண்டு புது தில்லியில் நிறுவப்பட்டது.

பெங்களூரில் இயங்கி வந்த ஆசிய இதழியல் கல்லூரி 2000 ஆம் ஆண்டு சென்னைக்கு மாறியது. மதுரை காமராசர் பல்கலைக்கழகம், மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம், புதுச்சேரிப் பல்கலைக்கழகம் ஆகியவற்றிலும் இதழியல் அல்லது தொடர்பியல் துறைகள் உள்ளன. தமிழ்நாடு அரசின் முயற்சியில் உருவான சென்னை இதழியல் கல்வி நிறுவனம் 2025 ஆம் ஆண்டு கோட்டூர்புரத்தில் தொடங்கப்பட்டது. கொழும்பில் 2004 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இலங்கை இதழியல் கல்லூரி, தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் பயிற்சி அளித்தது.

இதழியல் கல்விக்கான மாதிரிப் பாடத்திட்டம் ஒன்றை யுனெசுக்கோ 2007 ஆம் ஆண்டு வெளியிட்டது. தொழில் நெறிகளும் செயல்முறைகளும், இதழியலின் சமூக மற்றும் சட்டப் பின்னணி, உலக அறிவு என மூன்று பிரிவுகளாக அது கல்வியைப் பகுத்தது. பல்கலைக்கழகங்கள் பலவற்றின் பாடத்திட்டங்களிலும் இப்பகுப்பைக் காணலாம்.

தமிழில் சி. பா. ஆதித்தனார் எழுதிய "இதழாளர் கையேடு", மா. பா. குருசாமி எழுதிய "இதழியல் கலை" ஆகியன இத்துறையில் அறியப்பட்ட நூல்கள் ஆகும்.

எடுத்துக்காட்டுக் களம்: பெருமுக்கல், மரக்காணம் பகுதி

பெருமுக்கல் என்பது திண்டிவனத்துக்கும் மரக்காணத்துக்கும் இடைப்பட்ட பகுதியில் உள்ள சிற்றூர் ஆகும். இவ்வூர் மலையில் பழமையான சிவன் கோயிலும், வரலாற்றுக்கு முந்தைய காலப் பாறைக் கீறல்களும் உள்ளன. பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிருந்த மலைக்கோட்டைக்காக ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் போரிட்டனர். கிழக்கே மரக்காணத்தில் உப்பளங்களும், அதையடுத்து மீனவர் குப்பங்களும், தெற்கே கழுவெளி சதுப்பு நிலமும் அமைந்துள்ளன.

தொல்லியல், கல் குவாரி, உப்புத் தொழில், மீன்பிடிப்பு, பறவைகள், புயல் எனப் பலவகைச் செய்திகளும் எழும் பகுதி இது. நாளிதழ்களின் தலைமை அலுவலகங்கள் இங்கில்லை. ஆகவே இப்பகுதியைப் பற்றி வெளியாகும் ஒரு தவறான செய்தியை மறுநாள் மறுத்து எழுதப் பெரும்பாலும் வேறு ஒருவர் இருப்பதில்லை. அடிப்படைத் திறன்களின் தேவை இத்தகைய இடங்களிலேயே மிகுதியாகும்.

செய்தியை இனங்காணல்

நிகழ்வுகள் அனைத்தும் செய்தி ஆவதில்லை. புதுமை, அண்மை, பாதிக்கப்படுவோர் எண்ணிக்கை, பொதுநலத் தொடர்பு, முரண் ஆகியவற்றைக் கொண்டு ஒரு நிகழ்வின் செய்தி மதிப்பு கணிக்கப்படுகிறது. அமைச்சர் வருகை, விபத்து, போராட்டம் போன்றவை தாமாகவே செய்தியாளரை வந்தடைகின்றன. மெல்ல நிகழும் மாற்றங்கள் அவ்வாறு வருவதில்லை.

உப்பளங்களில் உற்பத்தி கோடையில் உச்சத்தில் இருக்கும். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் பாத்திகளில் மழைநீர் சேர்ந்து உற்பத்தி நின்றுவிடும். அம்மாதங்களில் தொழிலாளர் வீடுகளில் என்ன நடக்கிறது என்பதற்குச் செய்திக்குறிப்பு எதுவும் வராது. அதனைச் செய்தியாகக் காண்பது கற்றுக்கொள்ள வேண்டிய திறனாகும். ஒரே இடத்துக்குப் பல பருவங்களில் சென்று வருதல் இதற்கான எளிய பயிற்சி ஆகும்.

நேர்காணலும் குறிப்பெடுத்தலும்

நேர்காணலுக்குச் செல்லும் முன் கிடைக்கும் ஆவணங்களைப் படித்துவிட வேண்டும் என்பது முதல் விதி. "ஆம்", "இல்லை" என முடியும் வினாக்களை விட, "எப்படி நடந்தது?", "அதன் பிறகு என்ன செய்தீர்கள்?" போன்ற திறந்த வினாக்கள் மிகுதியான தகவலைத் தருகின்றன. அமைதியாகக் காத்திருப்பதும் ஒரு நேர்காணல் உத்தியாகும்.

இடத்தைத் தேர்தலும் இதில் அடங்கும். உப்பளத் தொழிலாளி ஒருவரை மேற்பார்வையாளர் அருகில் நிற்கையில் கூலி பற்றிக் கேட்டால் கிடைக்கும் விடையும், மாலையில் அவரது வீட்டுத் திண்ணையில் கேட்டால் கிடைக்கும் விடையும் வேறுபடலாம். வெயிலுக்கு முன் வேலையை முடிக்க அதிகாலையிலேயே அளத்துக்குச் செல்பவரை நண்பகலில் அங்கே தேடிப் பயனில்லை.

ஒலிப்பதிவுக் கருவி பரவலான பின்னரும் கையால் குறிப்பெடுத்தல் கற்பிக்கப்படுகிறது. மின்கலம் தீரலாம், காற்றொலியில் பேச்சு மறையலாம். மேலும் எழுதிக்கொண்டே கேட்பவர் புரியாத இடத்தில் உடனே நிறுத்திக் கேட்கிறார். பெயர், தந்தை பெயர், வயது, ஊர் ஆகியவற்றைப் பேசியவரிடமே திரும்பப் படித்துக் காட்டுவது நல்ல வழக்கமாகும். பெயரை வெளியிடலாமா கூடாதா என்பது பேச்சு தொடங்கும் முன்பே முடிவு செய்யப்பட வேண்டும்.

சரிபார்த்தல்

ஒரு தகவலை, அதனைத் தந்தவரைச் சாராத மற்றொரு வழியில் உறுதிசெய்வதே சரிபார்த்தல் ஆகும். இரண்டு பேர் ஒன்றையே கூறினாலும், இருவரும் ஒரே இடத்தில் கேட்டிருந்தால் அது ஒரே மூலமாகவே கருதப்படும். நேரில் கண்டவர், கேள்விப்பட்டவர், ஆவணம், துறை வல்லுநர் ஆகிய மூலங்களை வேறுபடுத்தி அறிய மாணவர்க்குக் கற்பிக்கப்படுகிறது.

2023 ஆம் ஆண்டு மே மாதம் மரக்காணம் அருகே உள்ள எக்கியார்குப்பத்தில் நச்சுச் சாராயம் அருந்தியவர்கள் உயிரிழந்தனர். அதே நாட்களில் செங்கல்பட்டு மாவட்டத்திலும் இறப்புகள் நிகழ்ந்தன. இரு மாவட்டங்களிலும் சேர்த்து 20 பேருக்கும் மேல் இறந்தனர். பாதிக்கப்பட்டவர்கள் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனை, புதுச்சேரி சிப்மர் மருத்துவமனை உள்ளிட்ட பல இடங்களில் சேர்க்கப்பட்டனர். இறப்பு எண்ணிக்கை நாள்தோறும் உயர்ந்தது.

இத்தகைய நிகழ்வில் எண்ணிக்கையைச் சரிபார்ப்பது எளிதன்று. நோயாளி ஒரு மருத்துவமனையிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றப்பட்டால் இரண்டு பட்டியல்களிலும் அவர் பெயர் இடம்பெறக்கூடும். மருத்துவமனைக்கு வரும் முன்பே இறந்தவர் எப்பட்டியலிலும் இடம்பெறாமல் போகலாம். மருத்துவமனைகள் ஒரு மாநிலத்திலும் ஓர் ஒன்றியப் பகுதியிலும் பரவியிருந்தால் ஒரே அதிகாரியிடம் முழு விவரம் கிடைக்காது. ஆகவே எண்ணை மட்டும் கேட்காமல் பெயர்ப் பட்டியலைப் பெற்று ஒப்பிட வேண்டும் எனவும், எண்ணுடன் நேரத்தையும் மூலத்தையும் சேர்த்து எழுத வேண்டும் எனவும் கற்பிக்கப்படுகிறது. பட்டியலில் விடுபடுபவரின் குடும்பம் நிவாரணத்திலும் விடுபடக்கூடும்.

தொல்லியல் செய்திகளுக்கும் இது பொருந்தும். பெருமுக்கல் பாறைக் கீறல்கள் இத்தனை ஆயிரம் ஆண்டுகள் பழமையானவை என ஒருவர் கூறினால், அக்கணிப்பைச் செய்தவர் யார், எம்முறையில் செய்தார் என்று கேட்டறிய வேண்டும். பாறையில் கீறப்பட்ட உருவங்களின் காலத்தை நேரடியாக அளப்பது கடினம். பெரும்பாலும் உருவ அமைப்பு, அருகில் கிடைத்த கற்கருவிகள் போன்றவற்றை ஒப்பிட்டே கணிப்புகள் செய்யப்படுகின்றன.

மூலத்தைச் சுட்டல்

தகவல் எங்கிருந்து கிடைத்தது என்பதை வாசகர் அறியும்படி எழுதுதல் மூலத்தைச் சுட்டல் எனப்படும். தமிழில் இதற்குத் தனிக் கவனம் தேவை. "கூறப்படுகிறது", "சொல்லப்படுகிறது", "தெரிகிறது", "நம்பப்படுகிறது" போன்ற செயப்பாட்டு மற்றும் எழுவாயற்ற வினைகள் கூறியவரை மறைத்துவிடுகின்றன. பேச்சு வழக்கில் "ஆம்" என்னும் ஈறு ("வந்தாராம்", "கொடுத்தாராம்") கேள்விப்பட்ட செய்தி என்பதை உணர்த்தும். எழுத்து வழக்கில் "எனக் கூறப்படுகிறது" என்பது அதே பணியைச் செய்கிறது. ஆனால் அதன் இறுக்கமான தோற்றத்தால், சரிபார்க்கப்பட்ட தகவல் போல வாசகருக்குத் தோன்றுகிறது.

"கழிவுநீர் கலந்ததால் மீன்கள் இறந்ததாகக் கூறப்படுகிறது" என்னும் வாக்கியத்தைக் கூறியவர் மீனவராகவோ, அதிகாரியாகவோ, செய்தியாளரே ஆகவோ இருக்கலாம். "கழிவுநீர் கலந்ததால் மீன்கள் இறந்ததாக மீனவர்கள் கூறினர், நீர் மாதிரி இன்னும் ஆய்வு செய்யப்படவில்லை என மீன்வளத் துறை அலுவலர் தெரிவித்தார்" என எழுதினால் அறிந்ததும் அறியாததும் தெளிவாகின்றன. பயிற்சிக் கட்டுரைகளில் "கூறப்படுகிறது" வரும் இடமெல்லாம் அடிக்கோடிட்டு, "யாரால்?" என ஓரத்தில் எழுதுவது எளிய திருத்தமுறை ஆகும்.

செய்தி எழுதுதல்

யார், என்ன, எப்போது, எங்கே, ஏன், எப்படி ஆகிய ஆறு வினாக்களுக்கும் விடை தருவது செய்தியின் அடிப்படை அமைப்பாகும். இவற்றுள் முதன்மையானவற்றை முதல் பத்தியிலேயே கூறி, முக்கியத்துவம் குறைந்தவற்றை இறங்குமுகமாக அமைக்கும் முறை தலைகீழ்ப் பிரமிடு எனப்படுகிறது. பக்கத்தில் இடம் குறைந்தால் கடைசிப் பத்தியை வெட்டிவிடலாம் என்பது இதன் வசதி. விரிவான கட்டுரைகளுக்கும் மனித நலச் செய்திகளுக்கும் வேறு அமைப்புகள் பயன்படுத்தப்படுகின்றன.

தமிழ் வாக்கியத்தில் பயனிலை இறுதியில் வருவது வழக்கம். பெயரெச்சங்களையும் வினையெச்சங்களையும் அடுக்கிக்கொண்டே சென்றால், யார் என்ன செய்தார் என்பதை அறிய வாசகர் வாக்கியத்தின் கடைசிச் சொல் வரை காத்திருக்க நேரும். ஆங்கிலச் செய்தி நிறுவனங்களின் செய்திகளை அப்படியே மொழிபெயர்க்கையில் இச்சிக்கல் மிகுகிறது. ஒரு வாக்கியத்தில் ஒரு செய்தி என்னும் விதி தமிழ்ச் செய்தி எழுத்துக்கு மிகவும் ஏற்றது. எளிய சொற்களையும் சிறு வாக்கியங்களையும் கையாள்வதைத் தினத்தந்தி நிறுவனர் சி. பா. ஆதித்தனார் வலியுறுத்தினார். 1942 ஆம் ஆண்டு மதுரையில் தொடங்கிய அந்நாளிதழ் புதிதாக எழுத்தறிவு பெற்றோரையும் சென்றடைந்தது.

சொல் தேர்வு

ஆங்கிலத்தில் இல்லாத ஒரு தேர்வைத் தமிழ்ச் செய்தியாளர் ஒவ்வொரு வாக்கியத்திலும் செய்ய வேண்டியுள்ளது. "கைது செய்யப்பட்டான்" எனவும் "கைது செய்யப்பட்டார்" எனவும் எழுதலாம். முதலாவது, நீதிமன்றம் தீர்ப்பளிக்கும் முன்பே ஒருவரைத் தாழ்த்திவிடுகிறது. அமைச்சருக்கு "ஆர்" விகுதியும் கூலித் தொழிலாளிக்கு "ஆன்" விகுதியும் இட்டு எழுதிய பழைய வழக்கம் படிப்படியாகக் குறைந்துள்ளது. "குற்றவாளி", "குற்றம் சாட்டப்பட்டவர்", "விசாரிக்கப்படுபவர்" ஆகிய மூன்றும் சட்டப்படி வெவ்வேறு நிலைகளைக் குறிக்கின்றன.

எக்கியார்குப்பம் நிகழ்வு இதற்கும் எடுத்துக்காட்டாகும். முதலில் வெளியான செய்திகள் பலவற்றில் "கள்ளச்சாராயம்" என்னும் சொல் இடம்பெற்றது. தடயவியல் ஆய்வுக்குப் பின்னர், அது ஊறல் போட்டுக் காய்ச்சிய சாராயமன்று, தொழிற்சாலைகளில் பயன்படும் மெத்தனால் என்று மாநிலக் காவல்துறைத் தலைமை இயக்குநர் அறிவித்தார். முதற்சொல் ஊருக்குள் சாராயம் காய்ச்சுபவரை நோக்கி வாசகரை இட்டுச் செல்கிறது; இரண்டாவது, நச்சு வேதிப்பொருள் ஆலையிலிருந்து வெளியேறிய வழியை நோக்கி இட்டுச் செல்கிறது. காவல்துறையின் விளக்கமும் ஒரு தரப்பின் கூற்றே என்பதால் அதற்கும் மூலம் சுட்டப்பட வேண்டும். பொருளின் பெயரே பொறுப்பாளியைத் தீர்மானித்துவிடக்கூடும் என்பதால், ஆய்வு முடிவு வரும்வரை அறிந்த அளவுக்கு மட்டும் பெயரிடுவது பாதுகாப்பானது.

எண்களைக் கையாளல்

விழுக்காடு, சராசரி, அலகு மாற்றம், மாதிரிக் கணிப்பு ஆகியன இதில் கற்பிக்கப்படுகின்றன. நாட்கூலி 400 ரூபாயிலிருந்து 500 ரூபாயாக உயர்ந்தால் அது 25 விழுக்காடு உயர்வு. அதே கூலி 500 இலிருந்து 400 ஆகக் குறைந்தால் அது 20 விழுக்காடு குறைவு. எதனை அடிப்படையாகக் கொண்டு வகுக்கிறோம் என்பதை மறப்பதே பெரும்பாலான பிழைகளுக்குக் காரணம்.

அலகுகளை வாசகருக்குப் பழக்கமான வடிவில் தருவதும் செய்தியாளரின் பணியாகும். கழுவெளிப் பறவைகள் காப்பகம் 2021 ஆம் ஆண்டு 5,151.60 எக்டேர் பரப்பில் அறிவிக்கப்பட்டது. ஓர் எக்டேர் ஏறத்தாழ 2.47 ஏக்கர் என்பதால் இது சுமார் 12,700 ஏக்கர் ஆகும்.

நேரமும் ஓர் எண்ணே. 2024 ஆம் ஆண்டு நவம்பர் 30 அன்று பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடக்கும் நிகழ்வு மாலையில் தொடங்கி இரவு வரை நீடித்தது. "கரையைக் கடக்கத் தொடங்கியது" என்பதற்கும் "கரையைக் கடந்தது" என்பதற்கும் இடையே பல மணி நேரம் உள்ளது. இரண்டாவதை முன்கூட்டியே எழுதிவிட்டால், ஆபத்து நீங்கியதாக எண்ணிப் படகைப் பார்க்கக் கரைக்குச் செல்பவர் இருக்கலாம்.

ஆவணங்களும் தகவல் அறியும் உரிமையும்

அரசாணை, வரவுசெலவு அறிக்கை, கணக்காய்வு அறிக்கை, நீதிமன்றத் தீர்ப்பு, நில ஆவணம், குத்தகை ஆணை போன்றவற்றைப் படித்துப் புரிந்துகொள்ளல் இத்திறனாகும். தமிழ்நாடு 1997 ஆம் ஆண்டிலேயே தனக்கெனத் தகவல் உரிமைச் சட்டம் இயற்றியது. நாடு தழுவிய தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. இதன்படி பொதுத் தகவல் அலுவலர் 30 நாட்களுக்குள் விடையளிக்க வேண்டும். உயிர் அல்லது தனிமனித விடுதலை தொடர்பான தகவலுக்கு 48 மணி நேரமே காலக்கெடு. விடை கிடைக்காதபோதும், கிடைத்த விடை நிறைவளிக்காதபோதும் மேல்முறையீடு செய்யலாம்.

நல்ல மனு குறுகியதாகவும் குறிப்பிட்டதாகவும் இருக்கும். "குவாரிகளால் பாதிப்பு உண்டா?" என்பது கருத்தைக் கேட்கும் வினா, அதற்கு விடையளிக்க அலுவலர் கடமைப்பட்டவர் அல்லர். "குறிப்பிட்ட வருவாய்க் கிராமத்தில், குறிப்பிட்ட ஆண்டுகளில் வழங்கப்பட்ட கல் குவாரிக் குத்தகை ஆணைகளின் படிகள், புல எண்கள், அனுமதிக்கப்பட்ட அளவு" எனக் கேட்டால் ஆவணம் கிடைக்க வாய்ப்புண்டு. பெருமுக்கல் வட்டாரத்தைப் போலப் பழஞ்சின்னங்களும் குவாரிகளும் அருகருகே அமைந்த பகுதிகளில், புல எண்ணே பல வாதங்களைத் தீர்த்துவைக்கும். 2023 ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் தனிநபர் தகவல் குறித்த விலக்கைத் திருத்தியது. இத்திருத்தத்துக்கு இதழாளர் அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன.

பழைய ஆவணங்களில் ஊர்ப்பெயர்கள் மாறியிருப்பதும் கவனிக்கத்தக்கது. ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் குறிப்புகளில் பெருமுக்கல் "பெர்மாகாயில்" என இடம்பெறுகிறது. 1760 ஆம் ஆண்டு அயர் கூட் இக்கோட்டையைக் கைப்பற்றிய செய்தி அப்பெயரிலேயே பதிவாகியுள்ளது. தற்காலப் பெயரை மட்டும் கொண்டு தேடுபவருக்கு அது கிடைக்காது.

ஊடகச் சட்டம்

இந்திய அரசியலமைப்பின் 19(1)(அ) உறுப்பு வழங்கும் பேச்சுரிமையே இதழ்ச் சுதந்திரத்துக்கும் அடிப்படையாகும். 19(2) உறுப்பு அதற்கான கட்டுப்பாடுகளைக் கூறுகிறது. மாணவர்கள் பயிலும் முதன்மையான தீர்ப்புகளுள் இரண்டு தமிழ்நாட்டோடு தொடர்புடையவை. சென்னை மாகாண அரசு "கிராசு ரோட்சு" என்னும் இதழைத் தடை செய்ததை எதிர்த்து ரொமேசு தாப்பர் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 1950 ஆம் ஆண்டு அத்தடையை நீக்கியது. நக்கீரன் இதழ் தொடர்பான இராசகோபால் வழக்கில் 1994 ஆம் ஆண்டு வழங்கப்பட்ட தீர்ப்பு, தனிமனிதரின் அந்தரங்க உரிமையை ஏற்றது; பொது ஆவணங்களில் உள்ளவற்றை வெளியிடலாம் என்றும், அவதூறு நேரலாம் என்ற அச்சத்தால் அதிகாரிகள் வெளியீட்டை முன்கூட்டித் தடுக்க இயலாது என்றும் கூறியது.

அவதூறு குறித்த குற்றவியல் விதி, 2024 ஆம் ஆண்டு சூலை 1 முதல் பாரதிய நியாய சன்கிதாவின் 356 ஆம் பிரிவில் உள்ளது. பாலியல் வன்கொடுமைக்கு உள்ளானவரின் அடையாளத்தை வெளியிடுதல் அதன் 72 ஆம் பிரிவின்படி குற்றமாகும். குழந்தைகளுக்கு 2012 ஆம் ஆண்டின் போக்சோ சட்டமும், 2015 ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமும் இத்தகைய பாதுகாப்பை அளிக்கின்றன. பெயரை மறைத்துவிட்டு ஊர், பள்ளி, தந்தையின் தொழில் ஆகியவற்றை எழுதுவதும் அடையாளத்தை வெளியிடுவதே ஆகும். நூறு வீடுகள் உள்ள குப்பத்தில் "பத்தாம் வகுப்பு மாணவி" என்ற மூன்று சொற்களே போதுமானவை.

ஊடக அறம்

சட்டம் தடுக்காதவற்றிலும் செய்யத் தகாதவை உண்டு. இந்தியப் பத்திரிகை மன்றம் இதழியல் நடத்தை நெறிகளை வெளியிட்டுள்ளது. துல்லியம், நடுநிலை, மறுப்பு வெளியிடல், அந்தரங்கம், துயரில் உள்ளோரை அணுகும் முறை ஆகியன அவற்றில் கூறப்பட்டுள்ளன. தற்கொலைச் செய்திகளில் முறையை விவரித்தல், மிகைப்படுத்தல் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டுமென 2019 ஆம் ஆண்டு மன்றம் வழிகாட்டுதல் வெளியிட்டது.

பணம் பெற்றுக்கொண்டு விளம்பரத்தைச் செய்தி வடிவில் வெளியிடுதல், செய்தியாளர் கூட்டங்களில் பரிசுப் பொருள் பெறுதல், சாதி மற்றும் சமய அடையாளத்தைத் தேவையின்றிக் குறிப்பிடுதல் ஆகியன வகுப்பறையில் விவாதிக்கப்படும் சிக்கல்களாகும். பிழை நேர்ந்தால் அதனை மறைக்காது, பிழை வெளியான அளவுக்குத் தெரியும்படி திருத்தம் வெளியிடுவதும் அறத்தின் பகுதியே.

கணினித் திறன்கள்

தட்டச்சு, ஒளிப்படம், ஒலி, நிகழ்படத் தொகுப்பு, பக்க வடிவமைப்பு ஆகியன இப்பிரிவில் அடங்கும். தமிழில் எழுத்துக்குறியேற்றம் பற்றிய அறிவும் தேவை. இதழ் அலுவலகங்கள் நெடுங்காலம் தத்தம் எழுத்துருக்களுக்கேற்ற வெவ்வேறு குறியேற்றங்களைப் பயன்படுத்தின. அவ்வாறு சேமிக்கப்பட்ட செய்திகளை வேறு கணினியில் படிக்கவோ இணையத்தில் தேடவோ இயலவில்லை. 1999 ஆம் ஆண்டு தமிழ்99 விசைப்பலகை அமைப்பு உருவானது. 2010 ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு ஒருங்குறியை ஏற்றது. பழைய குறியேற்றத்தில் உள்ள கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றத் தெரிந்த மாணவருக்கு, ஓர் இதழின் பழைய செய்திகள் தேடக்கூடிய தரவாகின்றன.

இணையத்தில் பரவும் படங்களைச் சரிபார்த்தலும் இன்று அடிப்படைத் திறனாகக் கருதப்படுகிறது. படத்தைக் கொண்டு தேடுதல், பெயர்ப்பலகைகளையும் நில அடையாளங்களையும் வரைபடத்துடன் ஒப்பிடுதல், நிழலின் திசையைக் கவனித்தல் ஆகியன இதன் வழிமுறைகள். புயல் நாட்களில் வேறோர் ஆண்டின் வெள்ளப் படங்கள் மீண்டும் பரவுவது வழக்கம். செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் எழுதும் உரையும் உருவாக்கும் படமும் நம்பத்தக்கன போலத் தோன்றுவதால் இத்திறனின் தேவை மிகுந்துள்ளது.

பணியிடப் பாதுகாப்பு

பி.பி.சி. செய்திச் சேவைக்குப் பணியாற்றிய மயில்வாகனம் நிமலராசன் 2000 ஆம் ஆண்டு அக்டோபர் 19 அன்று யாழ்ப்பாணத்தில் தம் வீட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2007 ஆம் ஆண்டு மே 9 அன்று, கருத்துக் கணிப்பு ஒன்று வெளியானதைத் தொடர்ந்து மதுரையில் தினகரன் நாளிதழ் அலுவலகம் தாக்கப்பட்டது. அதில் ஊழியர் மூவர் இறந்தனர். எங்கே செல்கிறோம் என்பதை அலுவலகத்துக்குத் தெரிவித்தல், கூட்டத்தில் வெளியேறும் வழியை அறிந்து நிற்றல், தகவல் தந்தவரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் பாதுகாத்தல் ஆகியன கற்பிக்கப்படுகின்றன. செய்தியாளர் ஊரை விட்டுச் சென்ற பின்னும் தகவல் தந்தவர் அங்கேயே வாழ்கிறார் என்பதால் அவரது பாதுகாப்பும் இதில் அடங்கும்.

கற்பிக்கும் முறை

விரிவுரை, பயிற்சி இதழ், களப்பணி, இதழ் அலுவலகத்தில் உள்ளகப் பயிற்சி ஆகிய நான்கு முறைகள் பொதுவாகப் பின்பற்றப்படுகின்றன. மாணவர்களே செய்தி சேகரித்து, செம்மையாக்கி, வடிவமைத்து வெளியிடும் பயிற்சி இதழ் இவற்றுள் சிறப்பிடம் பெறுகிறது. வகுப்புத் தோழர் எழுதிய செய்தியை வரி வரியாகச் சரிபார்த்தல், ஒரே நிகழ்வைப் பற்றிப் பல நாளிதழ்கள் எழுதியதை ஒப்பிடுதல் ஆகியனவும் பயன்மிக்க பயிற்சிகளாகும்.

விமர்சனங்கள்

தமிழ்நாட்டு இதழியல் கல்வி மீது பல விமர்சனங்கள் உள்ளன. பாடநூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. தமிழ்ச் செய்தி எழுத்துக்குரிய இலக்கணச் சிக்கல்கள் அவற்றில் இடம்பெறுவதில்லை. தமிழ் இலக்கியப் பட்டப்படிப்பில் இதழியலை ஒரு தாளாகப் பயில்வோருக்குக் களப்பயிற்சி போதிய அளவில் கிடைப்பதில்லை. தனியார் நிறுவனங்களின் கட்டணம் சிற்றூர் மாணவர்களுக்கு எட்டாததாக உள்ளது.

சிற்றூர்ச் செய்திகளில் பெரும்பகுதியை அனுப்புவோர் வட்டார அளவிலான பகுதிநேரச் செய்தியாளர்களே என்பது மற்றொரு முதன்மையான விமர்சனமாகும். குறைந்த ஊதியத்துடனோ செய்திக்கு இவ்வளவு என்ற கணக்கிலோ பணியாற்றும் இவர்களில் பலர் இதழியல் பட்டம் பெறும் வாய்ப்பைப் பெறாதவர்கள். பயிற்சி பெற்ற பட்டதாரிகள் பெருநகர அலுவலகங்களிலும், பயிற்சி கிடைக்காதோர் சரிபார்த்தல் மிகவும் கடினமான இடங்களிலும் பணியாற்றும் நிலை இதனால் உருவாகியுள்ளது. பணியில் உள்ள வட்டாரச் செய்தியாளர்களுக்குத் தமிழில் குறுகிய காலப் பயிற்சி அளித்தல் இதற்குத் தீர்வாக முன்வைக்கப்படுகிறது. நேர்காணல், சரிபார்த்தல், மூலத்தைச் சுட்டல் ஆகிய மூன்றுக்கும் விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை என்பதால் இது இயலக்கூடியதே.

இவற்றையும் பார்க்க

இதழியல்
தமிழ் இதழ்கள்
சுதேசமித்திரன்
தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005
இந்தியப் பத்திரிகை மன்றம்
பெருமுக்கல்
மரக்காணம்